சோம்பேறிப் பாத்தி

அக்கா வின்னி வரமாட்டாள் என்றே மைரா முடிவு கட்டியிருந்தாள். தொலைபேசியில் அவள் பேசிய பேச்சு அப்படி.

"எழுபத்தெட்டு வயசுல மெல்போர்ன்லேருந்து ரயிலேறி வந்து, ஆட்டுப் புழுக்கையை மிதிச்சுக்கிட்டு, நம்ம வீட்டு அடுப்பு எங்க இருந்துச்சுன்னு நான் கை காட்டணுமா? நீயே காட்டு. நீதானே அந்த ஊரைக் கட்டிக்கிட்டு அழறவ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ஆனால் வியாழக்கிழமை காலை, மைரா, அப்பாவின் பழைய தோட்டத்தைத் தோண்டிப் பார்க்க வந்திருந்த பல்கலைக்கழகத்துக்காரர்களுக்குக் கொண்டுபோகக் கேக் சுட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அடித்தது.

"காசில்மெயின் ஸ்டேஷன்ல நிக்கிறேன். வந்து கூட்டிட்டுப் போ. இங்க குளிர் எலும்பைக் கடிக்குது."

"வரமாட்டேன்னு சொன்ன?"

"சொன்னேன். இப்ப வந்துட்டேன். போன்லயே வெச்சு விசாரணை பண்ணப் போறியா?"

மைரா மாவுக் கையோடு பழைய ஹோல்டன் காரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அக்கா பிளாட்பாரத்து பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒட்டக நிறக் கோட்டு, ஊசி குத்திய தொப்பி, கையுறை, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பியவள் வழி தவறி வந்துவிட்டதுபோல இருந்தது.

"அந்த ஷூவோடயா தோட்டத்துக்கு வரப்போற?"

"அது தோட்டமா? ஆடு மேயுற தரிசு. நாப்பத்தேழு வருஷமா அது தோட்டமே இல்ல."

அக்கா சொன்னதும் சரிதான். அப்பா செத்துப்போன வருஷமே ஹெரான் ஓடைக்கரை நிலம் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர் கைக்குப் போய்விட்டது. அதற்கு முன்பு அங்கே முட்டைக்கோஸும் சீனக் கீரையும் வெங்காயமும் விளைந்தன. அதற்கும் முன்பு, தங்கம் தோண்ட வந்த கூட்டம் அந்த ஓடைக்கரை முழுவதையும் குடைந்து போட்டிருந்தது. தங்கம் தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது. வயிறு மட்டும் எல்லாருக்கும் மிஞ்சியது. அப்போதுதான் சீனாவிலிருந்து வந்த அப்பாவும் அவருடைய ஊர்க்காரர்கள் சிலரும் குடைந்த மண்ணை மறுபடி சமன்படுத்திக் காய்கறி போட்டார்கள். அப்பாவின் பெயர் ஹோ லப். கலியாணப் பதிவில் எழுதிய குமாஸ்தா இரண்டையும் ஒட்டி ஹோலப் என்று எழுதிவிட்டார். அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

மைரா அந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். ரயில்வேயில் வேலை பார்த்த லெஸ் பாஸ்கோவைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்து, அவரை அடக்கமும் பண்ணிவிட்டு, ஓடைக்கு அரை மணி நடையில் இருந்தாள். வின்னி பத்தொன்பது வயதில் மெல்போர்னுக்குப் போனவள். அங்கே தையல் வேலை, பிறகு கார்மனோடு கல்யாணம், பிறகு ஒரு செங்கல் வீடு. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "எங்கப்பாவுக்குக் கிராமத்துல நிலம் இருந்துச்சு" என்பாள். பொய்யில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டாள்.

மத்தியானம் சூப்பைக் குடித்தபடி வின்னி கேட்டாள். "யாரு அந்தப் பொண்ணு? தொல்லியல்காரி?"

"ஜூடித் மார்வுட். நல்ல பொண்ணு. மண்டியிட்டே வேலை பார்க்கும். மாணவர்களும் இருக்காங்க. நம்ம பாத்தியெல்லாம் இன்னும் புல்லுக்கடியில அப்படியே இருக்காம். முளையடிச்சு நூல் கட்டி அளக்கிறாங்க."

"கோஸ் பாத்தியை நூல் கட்டி அளக்க சம்பளமா?"

"ஆமா."

"நாம அந்தப் பாத்திக்குச் சும்மாவே தண்ணி ஊத்தினோம் பாரு" என்றாள் வின்னி. சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு கிண்ணம் சூப் கேட்டாள்.

*

வேலிக் கதவைத் திறந்து காரை உள்ளே விட்டபோது வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. அங்கே ஆகஸ்ட் என்றால் குளிர்காலம்; வெயில் வெளிச்சம் மட்டும் கொடுத்தது, சூடு கொடுக்கவில்லை. ஆடுகள் புல்லைத் தரையோடு தரையாகக் கடித்து வைத்திருந்ததால் நிலத்தின் உடம்பு தெரிந்தது. ஓடையிலிருந்து மேடு வரைக்கும் வரிசைவரிசையாகப் பாத்திகள், மேலே வாய்க்காலின் தடம், குடிசை இருந்த இடத்தில் கரிந்த கல். மாணவர்கள் அங்கங்கே கவிழ்ந்து கிடந்து கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜூடித் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்காலில் தோல் பட்டை கட்டியிருந்தாள்.

"மிசஸ் கார்மன், நீங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம். ரெண்டு பேரும் சேர்ந்து கிடைப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"நானும் நினைக்கல" என்றாள் வின்னி. "என்ன கண்டுபிடிச்சீங்க?"

ஜூடித் ஒரு தட்டைக் காட்டினாள். இஞ்சி ஜாடியின் பச்சை ஓடுகள், அரிசிக் கிண்ணத்தின் விளிம்பு, பித்தளைப் பொத்தான், குதிரை லாடம். மைரா பச்சை ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்தத் தோட்டம் என்றைக்கும் காலை நேரம்தான். பனி விழுந்த கோஸ் இலைகள் வெள்ளி மாதிரி இருக்கும். அப்பா காவடிக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் தண்ணீர் டின் தொங்க, ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் ஒரு துள்ளலோடு வருவார். பாத்திக்கு நடுவில் வந்ததும் இரண்டு டின்னையும் ஒரே நேரத்தில் சாய்ப்பார். மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். குட்டி மைரா கைவண்டியில் லெட்டூஸ் கீரைக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் அப்பா அவளைக் காட்டி, "இது விக்கிறதுக்கு இல்ல. மத்ததெல்லாம் எடுத்துக்குங்க" என்பார். வண்டியைச் சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பார்கள். ஈர மண்ணும் குதிரைச் சாணியும் வெங்காயத் தாளும் கலந்த அந்த வாசனை ஏதாவது தோட்டத்தில் அடித்தால், எழுபத்தொரு வயதிலும் மைரா நின்றுவிடுவாள்.

"எவ்வளவு அழகா இருந்துச்சு இல்ல வின்னி?" என்றாள்.

"எனக்குக் கையெல்லாம் பனிவெடிப்பு. அதுதான் ஞாபகம். பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்தவ மூக்கைப் பொத்திப்பா. நீ வண்டியில உக்காந்திருந்த. வண்டியை யாரு தள்ளுனா?"

மைரா ஓட்டுத் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

ஜூடித் நல்ல நேரத்தில் குறுக்கே வந்தாள். "கிணறு எங்க இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா? நாங்க இன்னும் கண்டுபிடிக்கல."

"அந்தப் பெரிய மரத்துக்குப் பக்கத்துல" என்றாள் மைரா.

"வாய்க்காலுக்கு மேல" என்றாள் வின்னி, அதே மூச்சில்.

"மேலயா? மேல வெட்டுனா தண்ணி எங்க கிடைக்கும்? மரத்துக்குப் பக்கத்துல, வின்னி. நான் அதுல பூனைக்குட்டியைத் தவறவிட்டேனே!"

"பூனைக்குட்டி விழுந்தது தொட்டியில. கிணத்துல விழுந்திருந்தா அது இன்னும் அங்கதான் இருக்கும். தினம் தண்ணி எறைச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும்னா போய்க் காட்டு."

"காட்டுறேன்."

வின்னி பாலிஷ் போட்ட ஷூவோடு ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவே நடந்து போய் ஒரு இடத்தில் நின்றாள். மைரா மரத்தடியில் போய் நின்றாள். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு முளைக்குச்சியைக் கொடுத்தாள் ஜூடித். இரண்டு கிழவிகளும் ஏதோ நாட்டை வளைத்துப் பிடித்தவர்கள் மாதிரி அவரவர் இடத்தில் குச்சியை ஊன்றிவிட்டு, ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நின்றார்கள். மாணவர்கள் குனிந்து சிரித்தார்கள்.

ஜூடித் இரும்புக் கம்பியால் இரண்டு இடத்திலும் குத்திப் பார்த்தாள். மரத்தடியில் வேர்தான் இருந்தது. வாய்க்காலுக்கு மேலே கெட்டிப் பாறை. பிறகு அவள் வரைபடத்தைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள், முட்புதர் மண்டிய ஒரு பள்ளத்துக்குப் போய்க் கம்பியை இறக்கினாள். கம்பி ஒரு முழம் போய் டொக்கென்று கல்லில் இடித்தது. பக்கத்தில் குத்தினாள், மறுபடி கல். அப்படியே வட்டமாகச் சுற்றி வந்தாள்.

"இங்க இருக்கு போல."

இரண்டு குச்சிகளுக்கும் நடுவில்கூட இல்லை அது. முற்றிலும் வேறு பக்கம்.

"யாரோ நகத்திட்டாங்க" என்றாள் வின்னி.

மைராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வின்னி முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. உதட்டோரம் துடித்தது. பிறகு அவளும் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. லெஸ்ஸின் சாவுக்கு வந்தபோதுகூட வின்னி அடுத்த ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

கேக்கும் தேநீரும் ஆனது. வின்னி கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாகத்தான் என்றாலும், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். குடிசையில் எத்தனை ஆட்கள் படுத்தார்கள், பன்றி எங்கே கட்டியிருந்தது, வண்டிக் குதிரையின் பெயர் என்ன. குதிரையின் பெயர் மட்டும் இருவருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருந்தது. டச்சஸ்.

*

நாலு மணிக்கு வெளிச்சம் சாய்ந்தது. மேற்குக் குன்றின் தலையிலிருந்து வெயில் புல்லின் மேல் படுத்தாற்போல வந்தது. அப்போதுதான் நிலம் முழுசாக எழுந்து காட்டியது. பகலில் லேசான மேடாகத் தெரிந்த பாத்திகள் ஒவ்வொன்றும் கறுப்பு நிழல் விட்டு, புத்தகத்தில் கோடு போட்டதுபோல வரிசையாக நின்றன.

"இந்த நேரத்துக்குத்தான் தினமும் காத்திருப்பேன்" என்றாள் ஜூடித். "பாருங்க, எல்லாப் பாத்தியும் சரிவுக்குக் குறுக்கால போகுது. வாய்க்கால் தண்ணி ஒவ்வொரு பாத்தியிலயும் நின்னு நிதானமா இறங்குறதுக்கு. ரொம்பக் கச்சிதமான வேலை. அந்த மூலை மட்டும்தான் எனக்குப் பிடிபடல."

அவள் காட்டிய மூலையில், வேலியை ஒட்டி, சில மேடுகள் இருந்தன. அகலமானவை, தடித்தவை. மற்றதெல்லாம் குறுக்கே போக, இவை சரிவோடு நேராகக் கீழே இறங்கின. வரிசையில் நிற்காமல் முரண்டு பிடிக்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"இது உங்க அப்பா காலத்துது இல்லன்னு நினைக்கிறேன். அவர் வேலை மாதிரியே இல்ல. பின்னாடி பண்ணைக்காரங்க ஏதாவது உழுதிருப்பாங்க."

"அங்க அப்பா எதுவும் போடமாட்டார்" என்று மைரா ஒத்துக்கொண்டாள். "அங்க மண்ணு சரியில்லன்னு சொல்லுவார். நான் கேட்டிருக்கேன். என்னை அங்க விளையாட விட்டுடுவார்."

மைரா திரும்பிப் பார்த்தாள். அக்கா வாளியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தும் கண்ணைச் சுருக்கவில்லை.

"மண்ணு சரியில்லையா?" என்றாள். "இந்தத் தோட்டத்துலயே நல்ல மண்ணு அதுதான்."

"அப்புறம் ஏன் அப்பா…"

"அது அம்மாவோடது."

அவள் நடக்க ஆரம்பித்தாள். மைரா பின்னாலேயே போனாள். ஜூடித் ஒரு அடி எடுத்து வைத்தவள், அப்படியே நின்றுகொண்டாள்.

மேட்டருகே போனதும் வின்னி கையுறையைக் கழற்றினாள். கோட்டு, ஷூ எதையும் பார்க்காமல் புல்லில் முழங்காலிட்டு, ஒரு மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"உருளைக்கிழங்கு. அவளுக்கு உருளைக்கிழங்கு வேணும். அப்பாவுக்கு அது பன்னித் தீனி. கல்யாணம் ஆன நாள்லேருந்து சண்டை. அவ ஐரிஷ்ல திட்டுவா, அவர் சீன பாஷையில திட்டுவார். மத்த நேரம் இங்கிலீஷ். திட்டு மட்டும் ரெண்டு பேருக்கும் புரியாது. அதனாலதான் நல்லபடியா குடும்பம் நடத்துனாங்க போல. கடைசியில அவர் இந்த மூலையைக் குடுத்தார். 'உன் நாட்டை இங்க வெச்சுக்க'ன்னார். அவ ஊர்ல எப்படிப் போடுவாங்களோ அப்படியேதான் போடுவேன்னு நின்னா. புல்லு மேலயே விதைக்கிழங்கை வெச்சு, ரெண்டு பக்கத்துலேருந்தும் மண்ணைப் பொளந்து அது மேல கவுத்துறது. சோம்பேறிப் பாத்தின்னு அதுக்குப் பேரு."

"சோம்பேறிப் பாத்தியா?"

"பேருதான் சோம்பேறி. முதுகு ஒடிஞ்சுடும். நீ வயித்துல இருக்கிறப்ப கீழ இருக்கிற பாத்தியைப் போட்டா. வெறுங்காலோட, ஜூன் மாசக் குளிர்ல. அப்பா அங்க நின்னு கத்துறார், தண்ணி நிக்காம ஓடிடும், பாத்தியைக் குறுக்கால போடுன்னு. இவ மண்வெட்டியை ஓங்கிக்கிட்டு, 'எங்கூர்ல தண்ணியைத் தேடிப் போகமாட்டோம் மிஸ்டர் ஹோலப், அதை ஒழிச்சுக்கட்டத்தான் பார்ப்போம்'னா. அவரை எப்பவும் மிஸ்டர் ஹோலப்னுதான் கூப்பிடுவா. கோவம் வந்தாலும் அப்படித்தான். கொஞ்சுனாலும் அப்படித்தான்."

மைரா மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா செத்தபோது அவளுக்கு மூன்று வயது. நெஞ்சுச் சளி என்று சொல்வார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கலியாணப் படம். அதில் அப்பா கல்லாட்டம் நிற்பார். அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிறிய கலங்கல். படம் எடுக்கும்போது அசைந்துவிட்டாள். அந்தக் கலங்கலைத்தான் மைரா இத்தனை வருஷமாக அம்மா என்று வைத்திருந்தாள்.

"படத்துல ஏன் அசைஞ்சா?" என்று கேட்டாள். ஏன் அதை முதலில் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்பாவோட காலர் பொத்தான் தெறிச்சுப் போய்ப் படக்காரர் மேல விழுந்துச்சாம். சிரிச்சுட்டா. அவதான் சொல்லுவா. ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத் திரும்பவும் சிரிப்பா."

மைராவும் உள்ளங்கையை மேட்டின் மேல் வைத்தாள்.

"ஆனா வின்னி, அப்பாவுக்கு உருளைக்கிழங்குன்னா உயிராச்சே. வருஷா வருஷம் எனக்குச் செஞ்சு குடுப்பாரே. பெரிசு பெரிசா வெட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, பன்னிக்கொழுப்பும் சோயாவும் ஊத்தி… நான் அதைச் சீனச் சமையல்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். என் பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் செஞ்சு போட்டேன்."

"அவர் சாப்பிட்டுப் பார்த்திருக்கியா?"

மைரா யோசித்தாள். அடுப்பு தெரிந்தது, சட்டி தெரிந்தது, அப்பா எதிரே உட்கார்ந்து முழங்காலில் கையூன்றி அவள் சாப்பிடுவதைப் பார்ப்பது தெரிந்தது. அப்பாவின் கையில் கிண்ணம் இருந்ததாக எவ்வளவு தேடியும் ஞாபகம் வரவில்லை.

"அவ போனதுக்கப்புறம் யாரும் இங்க எதுவும் நடல" என்றாள் வின்னி. "ஆனா மண்ணுக்குள்ள தங்கின கிழங்கு வருஷா வருஷம் தானே முளைக்கும். ஊர்க்காரங்க சொல்லிப் பார்த்தாங்க, நல்ல மண்ணு, குறுக்கால வெட்டி வெங்காயம் போடலாம்னு. அவர் மண்ணு சரியில்லன்னுட்டார். உன்கிட்டயும் அதையே சொல்லியிருக்கார் போல. முளைச்சதைத் தோண்டிக் கொண்டாந்து உனக்குச் சமைப்பார். நான் வேணாம்னுடுவேன். எனக்கு இறங்காது."

"ஏன் எங்கிட்ட நீ சொல்லவே இல்ல?" மைராவின் குரல் உயர்ந்துவிட்டது. தூரத்தில் ஒரு மாணவன் தலை நிமிர்ந்தான். "இவ்வளவு வருஷமா! ஒரு வார்த்தை! எனக்கு அவ முகம்கூடத் தெரியாது. நீ எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பூட்டிக்கிட்டு ரயிலேறிப் போயிட்ட!"

"நீ கேக்கலையே."

"மூணு வயசுல எனக்கு எப்படிக் கேக்கத் தெரியும்?"

"எனக்குப் பத்து வயசு" என்றாள் வின்னி. "அம்மாவைப் பத்திப் பேசுனா எனக்கு அழுகை வரும். நான் அழுதா நீ அழுவ. நீ அழுதா அப்பா கொட்டாய்க்குள்ள போய் உக்காந்துக்குவார். அப்புறம் கோஸுக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

வண்டியில் லெட்டூஸுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்தக் காலை நேரங்களை மைரா இத்தனை காலமும் முன்பக்கத்திலிருந்தே பார்த்திருந்தாள். இப்போது முதல் தடவையாக வண்டிக்குப் பின்பக்கம் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெடித்த கையோடு, ஒரு சின்னப் பெண்.

"பழகிடுச்சு" என்றாள் வின்னி, எதிரே இருந்த குன்றைப் பார்த்துக்கொண்டு. "பேசாம இருந்து பழகிடுச்சு. அப்புறம் பேசணும்னு நினைச்சப்ப எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீ போன்ல பாத்தி, வாய்க்கால்னு சொன்னியா… இது இன்னும் இருக்கான்னு பார்க்கணும்போல இருந்துச்சு. இருக்காதுன்னுதான் நினைச்சேன்."

மைரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டிருந்தது. தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டாள். வின்னி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வெயில் குன்றுக்குப் பின்னால் இறங்கியதும் மேடுகள் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் அமிழ்ந்தன. எழுந்திருக்க இரண்டு பேராலும் முடியவில்லை. ஜூடித்தும் ஒரு மாணவியும் வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

*

வின்னி அடுத்த நாள் ரயிலுக்குப் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. மைராவின் கம்பளிச் சட்டையையும் லெஸ்ஸின் பழைய ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, "போலாமா, இல்ல மத்தியானம் வரைக்கும் பாத்திரம் கழுவப் போறியா?" என்று வாசலில் நின்றாள்.

ஜூடித் அந்த மூலையில் ஒரு மேட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாள். நாள் முழுக்க ஆனது. சாயங்காலம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, வெட்டிய பக்கத்தைக் காட்டினாள். மேட்டு மண்ணுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது.

"இது பழைய புல்தரை. அது மேல மண்ணைக் கவுத்துப் போட்டிருக்காங்க. ஏர் உழுதா இப்படி இருக்காது. மண்வெட்டி வேலைதான். நீங்க சொன்னதுக்குப் பொருந்துது மிசஸ் கார்மன்." பிறகு தயங்கினாள். "ஆனா யாரு செஞ்சாங்கன்னு மண்ணு சொல்லாது. அறிக்கையில நான் 'குடும்பத்தினர் நினைவின்படி'ன்னுதான் எழுத முடியும்."

"எழுதிக்குங்க" என்றாள் வின்னி. "அம்மா பேரைச் சரியா எழுதுங்க. பிரிஜிட் ஹோலப். கிளேர் மாவட்டம். ரொம்ப வாயாடின்னும் போடுங்க."

"அதையும் 'நினைவின்படி'ன்னு போட்டுடறேன்" என்றாள் ஜூடித். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தாலும் கண் கலங்கியிருந்ததை மைரா பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அப்பா கோடியில், பைன் மரங்களுக்குக் கீழே, சீனர்களுக்கென்று விட்ட பகுதியில் இருந்தார். அம்மா சாலைப் பக்கம், கத்தோலிக்கர்கள் வரிசையில். சாவிலும் அவர்களை அடுத்தடுத்து வைக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மைரா அப்பாவின் கல்லை மாதாமாதம் துடைப்பாள். அவரிடம் நின்று வீட்டுக் கதையெல்லாம் பேசுவாள். அம்மாவிடம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். பூவை வைத்துவிட்டு, தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, சீக்கிரம் கிளம்பிவிடுவாள்.

இன்றைக்கு அவள் கிளம்பவில்லை. கல்லின் மேல் படிந்த பாசியை விரல் நகத்தால் சுரண்டினாள். காற்று ஊசியாகக் குத்தியது.

"அவ என்னை எப்படிக் கூப்பிடுவா?" என்று கேட்டாள்.

வின்னி கோட்டுக் காலரை இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தாள். "எப்படிக் கூப்பிடுவா? மைரான்னுதான்."

"அவ்வளவுதானா?"

"இரு." வின்னி யோசித்தாள். உதடு இரண்டு மூன்று தடவை ஏதோ சொல்லப் பார்த்து மூடிக்கொண்டது. "ஆலன்னா. தூங்க வைக்கிறப்ப. அவ ஊர்ப் பேச்சு. அர்த்தம் எனக்குத் தெரியாது. குழந்தைன்னு நினைக்கிறேன். ரெண்டாவது எழுத்தை இழுப்பா. ஆல…ன்னா."

மைரா சுரண்டுவதை நிறுத்தினாள்.

"திரும்பச் சொல்லு."

"ஆலன்னா."

"அவ சொல்ற மாதிரி சொல்லு வின்னி."

"எனக்குக் குளிருது மைரா."

"ஒரு தடவை."

வின்னி சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கையின் தோளில் கையை வைத்து, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல மெதுவாக, இழுத்துச் சொன்னாள்.